ஒரு சட்டத்தையும் மீறாதவர்

அன்ரி ஒருநாளும் ஒரு சட்டத்தை மீறியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சிட்னியின் பென்டில் ஹில் ஸ்டேஷன் தெருவில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு காரும் இல்லாத நேரத்திலும், கடவை இருக்கும் இடம்வரை நடந்துபோய், இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடப்பார். வேலிச் செடி நகரசபை சொன்ன உயரத்துக்கு மேல் ஒரு விரற்கடை வளர்ந்தால் அவருக்கு நித்திரை வராது. பக்கத்து வீட்டுக்காரன் குப்பை எரிக்கக் கூடாத நாளில் எரித்தால் நகரசபைக்குக் கடிதம் எழுதுவார். எழுதித் தபாலில் போட்டுவிட்டு, வரும் வழியில் அவன் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு தட்டு கட்லட்டும் கொடுப்பார்.

"கடிதம் வேறை, கட்லட் வேறை, பிள்ளை" என்பார்.

இப்போது நாங்கள் மெல்பேணில் இருக்கிறோம். இங்கேயும் நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடுமிடத்தில் அன்ரியின் பேச்சு வந்தால், "தங்கமான மனுஷி" என்று யாராவது தொடங்குவார்கள். நான் எழுந்து குசினிக்குள் போய்விடுவேன். எனக்கும் அவர் நல்லதுதான் செய்தார். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

நாங்கள் சிட்னிக்கு வந்தபோது மகள் மதிக்கு மூன்று வயது. கணவருக்குச் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு தமிழ் முகத்தைக் காண ரயிலேறிப் போகவேண்டிய காலம். அன்ரியும் அவர் கணவர் டாக்டர் அங்கிளும் எங்களுக்கு வெகுகாலம் முன்பே வந்தவர்கள். எங்கள் நிறத்துக்கு இந்த நாடு கதவைத் திறக்காத நாளிலேயே, விசேஷ அனுமதியில் வந்தவர்கள். அந்த அனுமதிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்து, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அன்ரி எடுத்துக் காட்டுவார்.

"நல்ல ஆக்களுக்குக் கதவு எப்பவும் திறந்துதான் கிடந்தது. மற்றவை வெளியிலை நிண்டு கத்திச்சினம். இப்ப எல்லாரும் வரலாமெண்டு சொல்லிப்போட்டாங்கள். இனிப் பார், என்ன சனமெல்லாம் வருமெண்டு."

அந்தச் சனத்தில் நாங்களும் அடக்கம் என்பது, அவர் வீட்டு விருந்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு எல்லாமே அப்படித்தான். பிந்தித்தான் உறைக்கும்.

அன்ரியின் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் முகாமையாளராக இருந்தவர். அவரைப் பற்றிய ஒரு கதையை அன்ரி மூன்று தரமாவது எனக்குச் சொல்லியிருப்பார். முதல் தரம் கேட்டது அவருடைய குசினியில், கட்லட்டுக்கு நான் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது.

"சட்டம் வந்தது, எல்லாச் சாதிப் பிள்ளையளும் ஒரே வாங்கிலை இருக்கோணுமெண்டு. அதுவரைக்கும் அதுகள் கீழை, நிலத்திலைதானே. ஊரெல்லாம் கொதிச்சுது. பக்கத்து ஊரிலை பள்ளிக்கூடத்துக்கே நெருப்பு வைச்சாங்கள், மடையங்கள். எங்கட ஐயா என்ன செய்தார், சொல்லு பாப்பம்?"

"தெரியேல்லை அன்ரி."

"வாங்கு முழுக்கத் திருத்தவேணுமெண்டு வண்டில்லை ஏத்தி ஆசாரியிட்டை அனுப்பிப்போட்டார். இன்ஸ்பெக்டர் வந்து பாத்தான். எல்லாப் பிள்ளையளும் நிலத்திலை. சமம்! அவன் என்னத்தை எழுதுவான்? எங்கட பிள்ளையள் வீட்டிலயிருந்து பாய் கொண்டு போச்சினம். மற்றதுகளிட்டை ஏது பாய்? மூண்டு வரியம் வாங்கு திரும்பி வரேல்லை. ஆர் சட்டத்தை மீறினது? ஒருத்தரும் இல்லை."

சொல்லிவிட்டு அன்ரி சிரித்த சிரிப்பில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நானும் சிரித்தேன். விருந்துக்கு வந்த இடத்தில் மூத்தவர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதோடு, நானும் வாங்கில் இருந்து படித்த பிள்ளைதான். நிலத்தில் இருந்தவர்களின் பெயர் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

இந்த வித்தையை அன்ரி சிட்னியிலும் சும்மா விடவில்லை. நவராத்திரிக்கு அவர் வீட்டில் பூசை வைப்பார். தமிழ்க் குடும்பம் ஒன்றையும் விடாமல் அழைக்கவேண்டும் என்பது அவரே போட்ட விதி. லிட்கம்மில் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு குடும்பத்தைப் பற்றி, அவர்கள் ஊரில் எந்தத் தெரு என்று விசாரித்து அறிந்தார். விதியை மீறுவாரா? அவர்களுக்கும் அழைப்பு எழுதினார், முத்திரை ஒட்டினார், தபாலில் போட்டார். பூசை முடிந்த அடுத்த நாள் அது அவர்களுக்குக் கிடைத்தது.

"தபால்காரன் பிந்தினால் நான் என்ன செய்யிறது?" என்றார். குரலில் உண்மையான கவலை இருந்தது. அந்தக் கவலைதான் அவருடைய கெட்டித்தனத்தின் உச்சம்.

மதி பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்தின வருடம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அரசாங்க வீடுகள் கட்டி முடிந்தன. அவற்றில் சிலவற்றை இந்த மண்ணின் ஆதிக்குடிக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. முன்பென்றால் யாரும் பதறியிருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரத் தாய்மார் சிலர் சேர்ந்து முறையிட்டால், ஆதிக்குடிப் பிள்ளையைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்புதான் அந்த அதிகாரத்தை நீக்கியிருந்தார்கள். எனவே பெற்றார் சங்கம் அவசரமாகக் கூடியது.

அன்ரியின் பிள்ளைகள் எப்போதோ படித்து முடித்துப் போய்விட்டார்கள். ஆனாலும் அன்ரி சங்கத்தை விடவில்லை. சங்கமும் அவரை விடவில்லை, தேநீர்க் கோப்பை கழுவ ஆள் வேண்டுமே. அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார், துடைப்பதற்கு.

ஒரு தகப்பன் எழுந்து, "அந்தக் கறுப்புப் பிள்ளைகள்" என்று தொடங்கியவர், ஓரமாக நின்ற எங்களைக் கண்டுவிட்டு இருமினார். இருமி முடித்ததும் அதையே திரும்பச் சொன்னார். ஒரு தாய், தன் பிள்ளையை வீட்டில் மறித்து வைக்கப்போவதாகச் சொன்னாள். இன்னொருத்தி, நாடாளுமன்ற உறுப்பினரின் வாசலில் போய் நிற்போம் என்றாள். மண்டபம் முழுக்கச் சத்தம். அன்ரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அதை உயர்த்தினார்.

அவருடைய ஆங்கிலம் மெதுவானது, ஒவ்வொரு சொல்லும் சலவை செய்து மடித்தது. "யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை" என்றார். "சொன்னால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். எல்லாப் பிள்ளைகளையும் வரவேற்போம். வரவேற்றுவிட்டு ஒரு படிவம் கொடுப்போம். வீட்டில் எப்படி இருக்கிறார்கள், என்ன மொழி பேசுகிறார்கள் என்று சில கேள்விகள். ஆயத்தமான பிள்ளை வகுப்புக்குப் போகட்டும். ஆயத்தமில்லாத பிள்ளைக்கு, அதன் நன்மைக்காகவே, தனியாக ஓர் ஆயத்த வகுப்பு. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்."

மண்டபம் கைதட்டியது. இருமிய தகப்பன்தான் அதிகம் தட்டினார். வெள்ளைக்காரர்களும் இந்த வித்தையில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் எங்களுக்கு அது தலைமுறைப் பழக்கம். கூட்டம் முடிவதற்குள் அன்ரி சங்கத்தின் செயலாளர். மிச்சக் கோப்பைகளை நான் தனியாகக் கழுவினேன்.

படிவத்தைத் தட்டச்சு செய்யும் வேலையும் எனக்கே வந்தது. கொழும்பில் கந்தோரில் வேலை செய்தவள் நான். கையில் தூக்கிப்போகும் தட்டச்சு யந்திரம் ஒன்று என்னிடம் இருந்தது. அன்ரி எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து சொல்லச் சொல்ல அடித்தேன். வீட்டில் எத்தனை பேர்? எத்தனை அறைகள்? வீட்டில் ஆங்கிலம் பேசப்படுகிறதா? தகப்பன் எவ்வளவு காலமாக ஒரே வேலையில் இருக்கிறார்?

"அன்ரி, இது சரியோ?" என்று கேட்டேன்.

"எதிலை பிழை? காட்டு."

என்னால் காட்ட முடியவில்லை. ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தால் ஒன்றிலும் பிழையில்லை. டாக்டர் கேட்பது போல, வங்கியில் கேட்பது போல இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் துணிவிருக்கவில்லை. அறிவிருக்கவில்லை என்று சொல்லித் தப்பமாட்டேன்.

ஆறாவது கேள்வியாக, பிள்ளை நன்றாக நித்திரை கொள்கிறதா என்று அடிக்கச் சொன்னார். நான் விரலை நிறுத்தினேன்.

"அன்ரி, இதுக்கு எல்லாரும் ஓமெண்டுதானே எழுதுவினம்? இதாலை ஒண்டும் தெரியவராது."

"அப்ப எப்பிடிக் கேக்கலாம்?"

"பிள்ளைக்குத் தனிக் கட்டில் இருக்குதோ எண்டு கேக்கலாம்."

அன்ரி என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் முதற்பரிசு வாங்கிய அன்றுகூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "கெட்டிக்காரி. அடி" என்றார்.

அடித்தேன். கேள்வி தெளிவாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த நேரம் என் மனதில் வேறொன்றும் இருக்கவில்லை. இதை எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக நம்புகிறேன்.

தை முடிவில் பள்ளிக்கூடம் தொடங்கியது. மதியின் படிவத்தை நானே நிரப்பினேன், பெரிய எழுத்தில், உண்மையாக. ஆங்கிலம் பேசுகிறோம், ஆம். வீட்டில் மூன்று பேர், மூன்று அறைகள். ஆறாவது கேள்விக்கு, "இல்லை, தாயுடன் படுக்கிறாள்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் கேள்வியை உண்டாக்கியவளே நான். ஆனால் பேனாவைப் பிடித்திருந்தபோது அது எங்களைப் பற்றிய கேள்வி என்று தோன்றவே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படுக்காமல் வேறெங்கே படுக்கும்? மற்றவர் வீட்டில் தனிக் கட்டில் இல்லையென்றால் அது வறுமை, எங்கள் வீட்டில் இல்லையென்றால் அது பாசம். ஒரே காரியத்துக்கு என் புத்தி இரண்டு பெயர் வைத்திருந்தது.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. மதி ஆயத்த வகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறாள்.

ஆயத்த வகுப்பு என்பது பின்வேலியோரம், குப்பை எரிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கிய ஒரு தகர அறை. இங்கே கோடைகாலமான மாசியின் வெயிலில் காலை பத்து மணிக்கே உள்ளே நிற்க முடியாது. மற்றப் பிள்ளைகள் விளையாடி முடித்து உள்ளே போன பிறகுதான் இந்தப் பிள்ளைகளை வெளியே விடுவார்கள். மொத்தம் ஒன்பது பேர். ஏழு ஆதிக்குடிப் பிள்ளைகள், ஒரு மோல்டாக்காரப் பையன், என் மகள். ரீச்சர் அரைநாள் வருவார். மீதி அரைநாள் வர்ணம் தீட்டுவது. மதி அதற்கு முன்பே வாசிக்கப் பழகியிருந்தாள்.

"அம்மா, நான் மொக்கோ?" என்று ஒருநாள் குளிக்க வார்க்கும்போது கேட்டாள். தலையில் தண்ணீரை ஊற்றினேன்.

வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நிற்கும்போதுதான் லொரெயின் பழக்கமானாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் ஒன்றுக்கு வந்திருந்த ஆதிக்குடிப் பெண். என் வயதுதான் இருக்கும். அவளுடைய மகள் ரூபியும் மதியும் கை கோத்துக்கொண்டுதான் தகர அறையிலிருந்து வருவார்கள். லொரெயின் எதையும் முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்லுவாள்.

"உன் பிள்ளை எந்தக் கேள்வியில் விழுந்தது?" என்று கேட்டாள்.

"கட்டில்."

"ரூபி எல்லாவற்றிலும் விழுந்தாள். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கட்டில்தான். அதை எழுதினவள் ஒருநாளும் குளிரில் கிடந்ததில்லை. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரே கட்டில், குளிர்காலத்தில் நாயும் சேர்த்து. நாய்க்குப் படிவம் கொடுத்தால் அதுவும் அந்த அறைக்குத்தான் போகும்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிலத்தைப் பார்த்தேன். எழுதினவள் நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் பிறகு வாய்க்கவில்லை.

செய்தி கேட்டு அன்ரி பறந்து வந்தார்.

"பிள்ளை, உனக்கு விசரே? ஆர் உன்னை உப்பிடி எழுதச் சொன்னது?"

"நீங்கள்தானே அன்ரி, ஒண்டிலும் பொய் கூடாதெண்டு..."

"ஆர் பொய் எழுதச் சொன்னது? ஒரு கட்டிலை வாங்கிப் போட்டிட்டு ஓமெண்டு எழுது. பிள்ளை அதிலை படுத்தாலென்ன, படுக்காட்டியென்ன? கட்டில் இருக்குதோ எண்டுதானே கேள்வி?"

என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, "இஞ்சரும், அன்ரி சொல்லுறதிலையும் விஷயமிருக்கு" என்றார். யார் எதைச் சொன்னாலும் அதில் அவருக்கு விஷயமிருக்கும்.

கட்டில் வாங்கினோம். மதி அதில் ஏற மறுத்துவிட்டாள். அதன் மேல் தோய்த்த உடுப்புகளைக் குவித்து வைத்தேன். அன்ரி தந்த புதுப் படிவம் கைப்பையிலேயே இரண்டு கிழமை கிடந்தது. எழுதிக் கொடுத்து மதியை மட்டும் எடுத்தால் லொரெயினின் முகத்தில் எப்படி விழிப்பது? எழுதாமல் விட்டால் மதியின் முகத்தில்? கடைசியில், அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்ததை அதே நாளில் மூன்று தரம் மாற்றினேன். பிறகு, பேசப்போவதாக லொரெயினிடம் சொல்லிவிட்டேன், மாற்ற முடியாமல் இருப்பதற்காக.

"நாங்கள் பேசினால் அது சண்டை" என்றாள் அவள். "நீ பேசினால் கேட்பார்கள். அறையை மூடச் சொல். கேள்விகளைப் பற்றி அவர்களோடு பேசாதே. அறையை மூடச் சொல்."

நாலு வரி தட்டச்சு செய்து கொண்டுபோனேன். என் மகள் கட்டில் கேள்வியால் தகர அறையில் இருக்கிறாள் என்பது முதல் வரி. அந்தக் கேள்வியை எழுதியது நான் என்பது இரண்டாவது. படிவம் முழுவதுமே பிழை என்பது மூன்றாவது. அறையை மூடவேண்டும் என்பது நாலாவது.

லொரெயின் மண்டபத்தின் பின்வாசலில் சாய்ந்து நின்றாள். நான் எழுந்தேன். முதல் வரியை வாசித்து முடித்து மூச்செடுத்தேன். அந்த ஒரு மூச்சுக்குள் அன்ரி எழுந்துவிட்டார்.

"இந்தத் தாய் சொல்வது முழுக்கச் சரி" என்றார், சங்கத்தைப் பார்த்துச் சிரித்தபடி. "எங்கள் பண்பாட்டில் சிறு பிள்ளைகள் தாயோடு படுப்பார்கள். அது ஒரு குறையல்ல. ஆறாவது கேள்வியை எடுத்துவிடலாம் என்று பிரேரிக்கிறேன். அந்தக் கேள்வியால் மட்டும் பின்தங்கிய பிள்ளைகளை வரும் திங்கட்கிழமையே வகுப்புக்கு மாற்றிவிடலாம்."

ஒரு கைகூடக் கீழே இருக்கவில்லை. இருமிய தகப்பன் இரண்டு கையையும் தூக்கினார். அந்தக் கேள்வியால் மட்டும் பின்தங்கியவர்கள் இரண்டு பேர், மோல்டாக்காரப் பையனும் என் மகளும். அன்ரிக்கு அது தெரியும். ஒன்பது படிவங்களும் அவர் மடியில் இருந்தன. எதை விட்டுக்கொடுத்தால் எதை வைத்திருக்கலாம் என்பது அவருக்குக் கைவந்த கலை, அதை அவர் செய்து நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

"திருப்திதானே?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

என் கையில் மூன்று வரிகள் மிச்சமிருந்தன. எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில் அத்தனை பேர் என்னைப் பார்த்து ஒரே நேரத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"நன்றி" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

அன்ரி குனிந்து கூட்டக் குறிப்பில் எழுதினார். என் நன்றியையும் சேர்த்து எழுதினார். கூட்டம் முடிந்ததும் வந்து என் கன்னத்தைத் தட்டினார். "பாத்தியே, சத்தம் போடாமல் கேட்டால் எல்லாம் கிடைக்கும்." நான் பின்வாசலைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

திங்கட்கிழமை காலை மதிக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். செங்கல் கட்டடம், இரண்டாவது கதவு, புது ரீச்சர். தலையாட்டினாள். லொரெயின் வாசலில் நின்றாள். கோபமாக எதையாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "இன்றைக்கும் வெயில்தான்" என்று மட்டும் சொன்னாள். மணி அடித்தது. மதி ரூபியைக் கண்டாள். இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு பின்வேலிப் பக்கம் ஓடத் தொடங்கினார்கள்.

செங்கல் கட்டடத்தின் கதவில் நின்ற ரீச்சர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டு நின்றார், கூப்பிடவில்லை. அன்ரி அங்கே இருக்கவில்லை. சங்கத்தார் ஒருவரும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைத் தடுக்க அந்த முற்றத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

நான் ஓடினேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லொரெயினின் கண்முன்னால் ஓடிப்போய், என் மகளின் விரல்களை ரூபியின் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.